சிலாங்கூர்: இரு காலங்கள்

மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற காற்பந்துக் குழு சிலாங்கூர். அதன் வரலாற்றை நான் இரு காலங்களாகக் காண்கிறேன்.

முதலாவது, என் தந்தையார் கண்ட காலம். மெர்டேக்கா அரங்கில் மொக்தார் டஹாரி கோல் அடித்தார். 'ஸ்பைடர்மேன்' எனப் போற்றப்பட்ட ஆர். ஆறுமுகம் கோல் காத்தார். 1978, 1979, 1981, 1982 எனக் கிண்ணங்கள் குவிந்தன. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்திலும் மொக்தார் 1991இல் நோயாலும் மறைந்தனர்.

இரண்டாவது, நான் கண்ட காலம். ஷா ஆலம் அரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. 1995 முதல் 1997 வரை மலேசியக் கிண்ணம் தொடர்ந்து மூன்று முறை நமக்கே கிட்டியது. பின்னர்ச் சரிவு. கடைசி லீக் பட்டம் 2010இல். 33ஆம் கிண்ணம் 2015இல். பெரும் முதலீடும் நவீனப் பயிற்சி வசதிகளும் கொண்ட ஜொகூர் டாருல் தக்சிம், 2014 முதல் லீக்கில் கோலோச்சத் தொடங்கியது. ஷா ஆலம் அரங்கை இடிக்கும் பணியும் 2024இல் தொடங்கியது.

தோல்வியை இரசிகனாகிய நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால், என் வகுப்பில் ஆறுமுகம் யாரென்று வினவியபோது ஒரு கையும் உயரவில்லை. அரங்கம் போனாலும் அவர் பெயர் நிலைக்க வேண்டும். பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.