கேஸ்

ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ்ப் பேச்சில் ஊன்றிவிட்ட சொல். புதுச்சேரியின் வடமேற்கு எல்லையான கோரிமேட்டில் இதன் பொருள்கள் பலவும் ஒரே சாலையில் புழங்குகின்றன. இங்கே ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இது, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது.

மருத்துவமனையில் கேஸ் என்பது நோய். நோயாளியும் கேஸ்தான்: 'டெலிவரி கேஸ்', 'ஹார்ட் கேஸ்'. பெயருள்ள மனிதரை இப்படி அழைப்பது வேலை அவசரத்தில் பிறந்த வழக்கம். நோயாளியின் காதில் விழும்படி சொல்லக் கூடாதது. மருத்துவ மாணவர் 'கேஸ் எடுத்தால்' நோயாளியிடம் நோய் வரலாறு கேட்கிறார். வக்கீல் எடுத்தால் வழக்கை ஏற்கிறார்.

காவல் நிலையத்தில் கேஸ் 'போடுவார்கள்'. சாலை விபத்தில் அடிபட்டவர் வார்டிலும் கேஸ், காவல் நிலையத்திலும் கேஸ். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரும். ஆனால் விபத்து எல்லைக்கு அப்பால், விழுப்புரம் மாவட்டத்தில் நடந்திருந்தால் வழக்கு தமிழ்நாட்டுக் காவல்துறையைச் சேரும். சிகிச்சைக்கு அந்த எல்லை இல்லை.

மதுக்கடையில் ஒரு கேஸ் பெரிய பீர் என்றால் 12 பாட்டில் கொண்ட பெட்டி. இது வேறு சொல்; பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வழக்கைக் குறிப்பதோ, நேர்ந்தது எனப் பொருள்படும் 'காசுஸ்' வழியாக வந்தது. 14.2 கிலோ சமையல் சிலிண்டரும் வயிற்று வாயுவும் தமிழ் எழுத்தில் மட்டுமே இவற்றோடு ஒன்றாகின்றன.