பெருந்தொற்றில் மருந்து யார் கைக்குச் சேர்கிறது?

2020 மார்ச் 13 அன்று ஒன்றிய அரசு முகக்கவசத்தையும் கைகளுக்கான கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955-இன் கீழ்க் கொண்டுவந்தது. பதுக்கலையும் கொள்ளை விலையையும் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் ஒரு பொருள் சட்டப் பட்டியலில் ஏறுவதும், மருத்துவமனைக் கழிவைச் சுமக்கும் தொழிலாளியின் கைக்கு அது வந்து சேர்வதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதுதான் மருத்துவப் பொருள் வழங்கல் சங்கிலி. அது எப்படி இயங்குகிறது, நெருக்கடியில் எங்கே அறுகிறது, அறுந்த இடத்தில் நாம் பற்றிக்கொள்ளச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைக் களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும்படி இங்கே தொகுக்கிறோம்.

சங்கிலியின் கண்ணிகள்

தேவையைக் கணித்தல், கொள்முதல், தரப் பரிசோதனை, கிடங்கு, பங்கீடு, பயன்பாடு, கழிவு அகற்றல் என ஏழு கண்ணிகள் உண்டு. இவற்றைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நல்ல எடுத்துக்காட்டு. 1994-இல் தொடங்கப்பட்ட இக்கழகம் மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறியவற்றையே வெளியிடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. எடுத்த மருந்து கணக்குப் புத்தகத்தில் பதிவாகும். பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றித் தத்தம் கழகங்களை அமைத்தன.

இம்முறையின் வலிமை கணக்கில் இருக்கிறது. மருந்து எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்பது ஏட்டில் தெரியும். அதன் வரம்பும் அங்கேதான். எவருடைய தேவை ஏட்டில் ஏறவில்லையோ, அவருக்கான பொருள் கிடங்கிலிருந்து கிளம்பவே கிளம்பாது.

அவசரமும் கணக்கும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் பிரிவு 50, அவசரக் கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறையை விலக்குகிறது. வாரக்கணக்கில் காத்திருக்க முடியாத நேரத்தில் இது தேவையான அதிகாரம்தான். ஆனால் இதே கதவின் வழியாகத்தான் இடைத்தரகும் நுழைகிறது.

2020 ஏப்ரலில் விரைவுப் பரிசோதனைக் கருவிகள் குறித்த வழக்கொன்று தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இறக்குமதியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான தகராறு அது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கருவி அரசுக்கு 600 ரூபாய்க்கு விற்கப்பட இருந்தது அவ்வழக்கில்தான் வெளிவந்தது. நீதிமன்றம் 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. கருவிகளின் துல்லியமும் கேள்விக்குள்ளாகி, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களிடம் கூறியது; கொள்முதலும் ரத்தானது. இரு வணிகர்கள் சண்டையிட்டிராவிட்டால் இந்த விலை நமக்குத் தெரிந்தே இராது. அவசரத்தின் பெயரால் ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளிவைக்கலாம். கணக்குக் காட்டுவதைத் தள்ளிவைக்க முடியாது.

படுக்கையை எண்ணும் சூத்திரம்

2021 இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டுக்கு உற்பத்தி மட்டுமே காரணமன்று. பெரும் ஆலைகள் கிழக்கு மாநிலங்களின் எஃகு நகரங்களில் இருந்தன. நோயாளிகளோ தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களில் திரண்டிருந்தனர். திரவ ஆக்சிஜனை ஏறத்தாழ மைனஸ் 183 பாகை செல்சியஸில் கொண்டுசெல்லும் சிறப்புத் தாங்கி வண்டிகள் போதவில்லை. உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, ஏப்ரல் 30 அன்று கையிருப்பு உருவாக்க ஆணையிட்டது. மே மாதம் 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

அவ்வழக்கில் நாம் நினைவில் கொள்ள வேண்டியது பங்கீட்டுச் சூத்திரம் பற்றிய விவாதம். ஒன்றிய அரசு மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்து ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட்டது. அப்படியானால் படுக்கை கிடைக்காமல் வீட்டிலும் ஆம்புலன்ஸிலும் மூச்சுத் திணறுபவர் எந்தக் கணக்கில் வருவார் என்ற கேள்வி எழுந்தது. சூத்திரம் நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால் எதை எண்ணுவது என்ற முடிவிலேயே யார் விடுபடுவார் என்பதும் முடிவாகிவிடுகிறது.

ஏட்டில் இல்லாத தொழிலாளர்

மருத்துவமனைத் தூய்மைப் பணியும் கழிவு அகற்றலும் சுடுகாட்டுப் பணியும் இந்தச் சமூகத்தில் யார் தலையில் சுமத்தப்பட்டிருக்கின்றன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று அப்பணிகளில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடக்கிறது. கவச உடைக்கான தேவைப்பட்டியல் நிரந்தரப் பணியிடங்களை வைத்துத் தயாரிக்கப்பட்டால், ஒப்பந்தத் தொழிலாளி அதில் இடம்பெறமாட்டார். மருத்துவமனையைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரர் மருத்துவமனையைக் காட்டுவார்.

சட்டம் இந்தக் கைகாட்டலை ஏற்கவில்லை. உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 கழிவைக் கையாளும் அனைவருக்கும் பாதுகாப்புக் கருவிகள், ஹெபடைடிஸ்-பி மற்றும் டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வழங்குவதை மருத்துவமனையின் கடமையாக்குகின்றன. கோவிட் காலத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றடுக்கு முகக்கவசம், நீர்புகா மேலங்கி, நைட்ரைல் கையுறை, ரப்பர் காலணி, கண்ணாடி எனப் பெயர் சொல்லியே பட்டியலிட்டது. மருத்துவருக்குக் கவச உடை மருத்துவப் பொருள் என்றால், அவர் கழற்றிப்போட்ட கவச உடையை அள்ளுபவருக்கும் அது மருத்துவப் பொருளே.

சட்டம் தரும் பிடிகள்

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 61 அதிகம் பேசப்படாதது. இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், பிறப்பு, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அது. பிரிவு 12 நிவாரண முகாம்களில் மருத்துவ வசதியைக் குறைந்தபட்சத் தேவையாக வைப்பதோடு, தேவையான பிற நிவாரணங்களுக்கும் இடமளிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் வாதம். பிரிவு 61-ஐ மீறுவதற்கெனத் தனித் தண்டனை சொல்லப்படவில்லை. எனவே அரசமைப்பின் உறுப்புகள் 14, 15, 17, 21-உடன் இணைத்து உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதே வழி.

பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் (1996), நிதி இல்லை என்று கூறி அவசர சிகிச்சைக் கடமையிலிருந்து அரசு விலக முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)-இன் கீழ்க் குற்றம்.

நாம் கேட்க வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, கேட்காமலேயே வெளியிட வேண்டிய தகவல்களைச் சொல்கிறது. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலைப் பிரிவு 7(1)-இன்படி 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அடுத்த நெருக்கடிக்குக் காத்திராமல் இப்போதே பின்வருவனவற்றை எழுதிக் கேட்கலாம்:

1. மாவட்ட மருத்துவமனையின் கவச உடைத் தேவைப்பட்டியலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டுள்ளனர்?

2. கடந்த ஓராண்டில் அவர்களுக்கு வழங்கப்பட்டவை யாவை? பெற்றுக்கொண்ட கையொப்பப் பதிவேடு உள்ளதா?

3. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி எத்தனை பேருக்குப் போடப்பட்டது?

4. அவசரக் கொள்முதல்களில் ஒவ்வொரு பொருளும் என்ன விலைக்கு, யாரிடம் வாங்கப்பட்டது?

5. சேரியிலிருந்து மிக அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் எந்தெந்த மருந்துகள், எத்தனை நாட்கள் கையிருப்பின்றி இருந்தன?

இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களைத் தேதியுடன் பாதுகாக்க வேண்டும். பதிவேடு இல்லை என்ற பதிலும் ஒரு சான்றுதான். நாளை நீதிமன்றத்தில் அதுவே நமது முதல் ஆவணமாகலாம். பெருந்தொற்று வந்தபின் கிடங்கின் கதவைத் தட்டுவதைவிட, வருமுன் நம் மக்களின் பெயர்களை அதன் ஏட்டில் ஏற்றுவது அவசியம்.