ஓடும் மான் சுடுதல்

ஓடும் மான் சுடுதல் என்பது, தண்டவாளத்தில் குறுக்காக ஓடவிடப்படும் மான் உருவ இலக்கை ரைஃபிளால் சுடும் போட்டி. ஓடும் விலங்குக்கு எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்ற வேட்டைக்காரரின் கணிப்பை இது சோதிக்கிறது. 1908 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது.

தோற்றம்

விக்டோரியா அரசியின் காலத்தில் ஸ்காட்லாந்து மலைகளில் சிவப்பு மான் வேட்டையாடுவது பிரிட்டிஷ் செல்வந்தரின் பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. 1859இல் பிரிட்டனில் தேசிய ரைஃபிள் சங்கம் அமைந்தது. மறு ஆண்டு ஜூலையில் விம்பிள்டனில் நடந்த அதன் முதல் கூட்டத்தில், தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைஃபிளால் முதல் குண்டைச் சுட்டவர் அரசியே. சில ஆண்டுகளில் ஓடும் மானும் சேர்ந்தது. அதன் உருவத்தை வரைந்து தந்தவர், மான் ஓவியங்களால் புகழ்பெற்ற எட்வின் லேண்ட்சீர். பின்தொடையில் குண்டு பட்டால் சுட்டவருக்கு அபராதம் உண்டு. உண்மையான வேட்டையில் அத்தகைய குண்டு மானைக் காயப்படுத்துமே தவிர உடனே கொல்லாது. 1890இல் சங்கம் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தபோது மானும் உடன் சென்றது.

குறியை முன்தள்ளும் கணக்கு

குண்டு பறக்கும் நேரத்தை மானின் வேகத்தால் பெருக்கினால், குறியை முன்தள்ள வேண்டிய தூரம் கிடைக்கும். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தொலைவில், மான் 23 மீட்டர் இடைவெளியைச் சுமார் 4 விநாடியில் கடந்தது; அதாவது விநாடிக்கு 5.75 மீட்டர். குண்டின் சராசரி வேகம் விநாடிக்கு 670 மீட்டர் எனக் கொண்டால், அது இலக்கை அடைய 0.15 விநாடி ஆகும். அதற்குள் மான் 86 செ.மீ. நகர்ந்துவிடும். தோளையே பார்த்துச் சுட்டவரின் குண்டு பின்தொடைப் பக்கம் போய்விடும். அபராதம் விழுவது இப்படித்தான். தொலைவு இருமடங்கானால் இத்தூரமும் ஏறக்குறைய இருமடங்காகும். ஆனால் சுடுபவரின் கண்ணுக்கு அந்தக் கோணம் அநேகமாக மாறுவதில்லை. எனவே தேர்ந்தவர் தொலைவைவிட வேகத்தையும் திசையையும் கணிப்பதிலேயே கருத்தாக இருப்பார். பார்வைக் கோட்டுக்கு 30 பாகைச் சாய்வில் ஓடும் மானுக்குப் பாதி போதும்.

சுடும் முறைகள் இரண்டு. குழலை ஓரிடத்தில் நிறுத்தி மான் வரக் காத்திருப்பது ஒன்று. இதில் விரல் விசையை அழுத்தத் தாமதிக்கும் 0.2 விநாடியிலேயே மான் மேலும் 1.15 மீட்டர் ஓடிவிடும். மானோடு குழலை நகர்த்தியபடியே சுடுவது மற்றொன்று. இதுவே சரியான முறை. விசையை அழுத்திய பின்னும் குழலை நிறுத்தலாகாது.

ஒலிம்பிக்

1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றைக்குண்டு, இரட்டைக்குண்டு என இரு தனிநபர் பிரிவுகளும் ஒரு குழுப் பிரிவும் பிஸ்லியில் நடந்தன. ஒற்றைக்குண்டில் சுவீடனின் 60 வயது ஆஸ்கர் ஸ்வான் தங்கம் வென்றார். 1912இல் 64 வயதில் குழுத் தங்கமும், 1920இல் 72 வயதில் குழு வெள்ளியும் பெற்றார். விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களில் அவரே மிக மூத்தவர். மகன் ஆல்ஃபிரட் ஸ்வானும் பல பதக்கங்கள் குவித்தார். 1908 இரட்டைக்குண்டுத் தங்கம் அமெரிக்கரான வால்டர் வைனன்ஸுக்கு; அவர் 1912இல் சிற்பக்கலைக்கும் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். 1952இல் நார்வேயின் ஜான் லார்சனும், 1956இல் சோவியத் ஒன்றியத்தின் விட்டாலி ரொமனென்கோவும் வென்றனர்.

தற்காலம்

1972இல் ஒலிம்பிக்கில் காட்டுப்பன்றி உருவ இலக்கு வந்தது. 2004க்குப் பின் ஓடும் இலக்குப் பிரிவே ஒலிம்பிக்கிலிருந்து நீங்கியது.