மணல் முற்றமும் பக்கத்து வீட்டுப் பூனைகளும்

சாம்பல்தீவில் புல்தரை வளர்க்கும் வீடுகள் குறைவு. எங்களுக்கு முற்றம் என்றால் மணல்தான். விடியக் காலையில் ஈர்க்குமாறால் கோடு கோடாகக் கூட்டித் தண்ணீர் தெளித்தால்தான் வளவு பார்க்கும்படி இருக்கும். கூட்டப் போகும்போது ஒரு சின்ன மணல் மேடும், அதைச் சுற்றி நகக் கீறல்களும், அதற்குரிய நாற்றமும் இருந்தால் இரவு யார் வந்து போனது என்று விசாரிக்கத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையில் இது கொஞ்ச நாளாகவே வாய்ச்சண்டையாக இருக்கிறது. ஒரு வீட்டில் ஆறேழு பூனைகள். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணி, அதற்கும் அடுத்ததில் தவழ்கிற பிள்ளை. "மீன் தலைக்குள்ள மருந்த வைச்சா ரெண்டு நாளில எல்லாம் முடிஞ்சிரும்" என்று ஒருவர் வேலியோரம் நின்று சொன்னதை நானே கேட்டேன். அவர் கொடுமைக்காரர் அல்ல. தினமும் அள்ளிக் கொட்டிச் சலித்துப்போனவர். ஆனால் நஞ்சு பூனையோடு நிற்காது. பாதி தின்ற மீன் தலையைக் காகம் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் கிணற்றடியில் போடும். செத்த பூனையை நாய் இழுக்கும். அந்த மண்ணில்தான் பிள்ளையும் தவழ்கிறது.

நஞ்சு இல்லாமல் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூனைக்கு எங்கள் முற்றத்தின் மீது தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆபிரிக்காப் பக்கத்துக் காட்டுப்பூனை. வரண்ட நிலத்துப் பிராணி. உதிரியான, காய்ந்த, தோண்ட இலகுவான மண் கண்டால் அதன் கால் தானாகத் தோண்டும். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோவ் என்பவர் பூனைக்கென்று களிமண் துகள் விற்கத் தொடங்கும்வரை, அங்கேயும் வீட்டுக்குள் பூனைப் பெட்டியில் போட்டது மணலும் அடுப்புச் சாம்பலும்தான். எங்களிடம் மணல் நிலத்திலேயே இருக்கிறது, சாம்பல் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பூனை வேறு எங்கே போகும்?

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் தொல்லை அதிகம். மணல் மாவு போலக் காய்ந்து கிடக்கும். மாரி தொடங்கி நிலம் நனைந்ததும் முற்றத்தில் குறையும். ஆனால் அப்போது பூனை விறகுக் கொட்டிலுக்கும், தாழ்வாரத்தில் குவித்த கட்டிட மணலுக்கும் இடம் மாறிவிடும்.

நோய்ப் பயம் எவ்வளவு உண்மை? கொஞ்சம் உண்மை, நிறைய மிகைப்படுத்தல். டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கட்டம் பூனை மலத்தில்தான் வெளிவரும். கர்ப்பகாலத்தில் ஒரு தாய்க்கு முதல் தடவையாக அது தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். அதனால் அந்த வீட்டுக்காரரின் கவலை நியாயமானது. ஆனால் ஒரு பூனை வழக்கமாகத் தனக்கு முதல் தொற்று ஏற்பட்டபின் ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் அதை வெளியேற்றும். மலம் விழுந்தவுடன் தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் எடுக்கும். ஆகவே அன்றன்று அள்ளிவிடும் முற்றத்தில் ஆபத்து வெகுவாகக் குறைவு. நாட்கணக்கில் விட்டுவைத்தால் ஈரமான மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அள்ளுகிற வேலை கர்ப்பிணியுடையது அல்ல. வீட்டில் வேறு யாராவது செய்ய வேண்டும். தோட்டத்தில் கை வைத்தால் கையுறை, பிறகு சவர்க்காரம். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூனையைத் தடவுவதைவிட அவைதான் பெரிய வழி.

மற்றது கொக்கிப்புழு. நாய், பூனை மலத்திலிருந்து மணலில் பொரிக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து போகும் சிவந்த கோடாகக் கடிக்கும். வைத்தியரிடம் காட்டினால் மருந்தில் மாறிவிடும். இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு எங்கள் நாட்டின் பெயரே உண்டு: அன்கைலோஸ்டோமா செய்லானிக்கம். 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஒட்டுண்ணியியலாளர், இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்த புழுவை வைத்து அதை விபரித்தார். அது நாய், பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றி குடலில் வளரக்கூடியது. பூனைக்குப் பூச்சிமருந்து கொடுப்பது பூனைக்காக மட்டுமல்ல.

இனி வேலை.

முதலில் மீன். பூனை மணலுக்காக வருவதில்லை. மீனுக்காக வந்து மணலைக் கண்டுபிடிக்கிறது. மீன் வெட்டிய இடத்தைக் கழுவாமல் விட்டு, குடலையும் செதிலையும் வேலியோரம் எறிந்துவிட்டுப் பூனையைத் திட்டுவதில் பயனில்லை. ஒன்றரை அடி தோண்டிப் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தால் தென்னைக்கும் பசளை.

அடுத்து, பழைய நாற்றம். பூனை போன இடத்துக்கே திரும்பும். மலத்தோடு சுற்றியுள்ள மணலையும் ஒரு சிரட்டையால் அள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். சீமெந்துத் தரையில் சிறுநீர் என்றால் வினாகிரி கலந்த தண்ணீர் உதவும். அமோனியா கலந்த கழுவிகள் வேண்டாம். அந்த மணம் பூனைக்கு இன்னொரு பூனையின் சிறுநீர் போலத்தான்.

மூன்றாவது, தோண்ட முடியாமல் செய்வது. நான் கண்டவற்றில் நிச்சயமாக வேலை செய்வது இதுதான். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையை நிலத்தில் படுக்கையாக விரித்து, ஓரங்களை உள்ளே மடித்து, மேலே ஓர் அங்குலம் மணல் போடுங்கள். பூனை ஒருமுறை கீறும், நகம் வலையில் படும், போய்விடும். காயம் இல்லை. பூஞ்செடியைச் சுற்றித் தேங்காய் உரிமட்டையை நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கலாம், ஈரமும் நிற்கும். நிலாவெளிப் பக்கம் வெங்காயப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு நட்ட முதல் சில வாரம்தான் ஆபத்து. புதிதாகக் கொத்திய மண் பூனைக்குப் பாய் விரித்தது போல. நான்கு விரல் இடைவெளியில் குச்சி குத்தி விட்டால் பூனைக்குக் குந்த இடமில்லை. பனங்கருக்கு மட்டை போடச் சொல்பவர்களும் உண்டு. பிள்ளைகள் ஓடும் வளவில் அது வேண்டாம்.

மாலையில் தண்ணீர் தெளிப்பதும் நல்லது, ஈர மணலைப் பூனை விரும்பாது. ஆனால் கிணறு வற்றி உவர்க்கும் காலத்தில் யாரிடம் அதைச் சொல்வது?

தோடம்பழத் தோல், கோப்பித் தூள் எல்லாம் இரண்டு மூன்று நாள் தாங்கும். நீலம் கரைத்த தண்ணீர்ப் போத்தலை வாசலில் வைப்பது தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். வெறும் தண்ணீர்ப் போத்தலை யப்பானிலும் வைக்கிறார்கள். பூனை அதன் பக்கத்திலேயே படுத்திருக்கும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியைப் பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டங்களில் வைத்துப் பார்த்து 2006இல் ஆய்வு வெளியிட்டார்கள். பூனை வருவது ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்குமுன் யோசியுங்கள்.

செய்யவே கூடாதவையும் இருக்கின்றன. அலமாரிக்குள் வைக்கும் நப்தலீன் உருண்டை பூனைக்கும் நஞ்சு, வாயில் வைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். பீனோல் கலந்த கிருமிநாசினிகளைப் பூனையின் ஈரல் முறிக்காது. காலில் பட்டதை நக்கினாலே போதும். மண்ணெண்ணெய் ஊற்றுவது முற்றத்தையே கெடுக்கிறது.

சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அப்பாலோ மீன் சந்தையிலோ விடுவது எங்கள் பழைய பழக்கம். குட்டிகள் சாகும். பெரியவை நிற்காது. விட்ட இடத்தில் உணவு இருக்கும்வரை வேறு பூனை அந்த இடத்தைப் பிடிக்கும். விலங்கு வதைக்கு எதிரான எங்கள் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபாய். புதிய விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்த பிறகும் அது வருடக்கணக்கில் இழுபட்டது. 100 ரூபாய்க்குப் பயந்து யாரும் நஞ்சை நிறுத்தப் போவதில்லை. ஒழுங்கைக்குள் பேசித்தான் நிறுத்த வேண்டும்.

பேசினேன். "அக்கா, பூனையள வளக்காதேங்கோ எண்டு சொல்ல வரேல்ல. உங்கட வளவுக்க ஒரு மணல் குழி வைச்சா எங்கட முற்றம் தப்பும்" என்றேன். "குழியில போகுமே தம்பி? ஊர் சுத்துற பிராணியள்" என்று சிரித்தா. பிறகு இடம் காட்டினா.

மூன்றடி சதுரம், ஓரடி ஆழம், அரித்த காய்ந்த மணல். ஆள் நடமாட்டமில்லாத மூலை, மேலே மழைக்கு இரண்டு கிடுகு. சோறு வைக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தின்னும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை மலம் கழிக்க விரும்பாது. முதல் இரண்டு நாள் எங்கள் முற்றத்தில் அள்ளியதில் கொஞ்சத்தை அங்கே போட்டோம், முகவரி தெரிய வேண்டுமே. அதே நேரம் எங்கள் பக்கம் வலை விரித்தோம். ஒன்று மட்டும் செய்திருந்தால் பலித்திருக்காது. மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான காலைகளில் கோடு கலையாமல் இருந்தது. குழியைத் தினமும் அள்ள வேண்டும். அழுக்கானால் பூனை அதைக் கைவிட்டுவிட்டுப் பழைய இடத்துக்கு வரும்.

இன்னொரு வேலை மிச்சம். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், சுமார் 9 வாரத்தில் குட்டி போடும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை. கருத்தடை செய்யாமல் குழி வெட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஆண் பூனைக்குச் செய்தால் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். செலவை ஒரு வீட்டின் தலையில் கட்டாமல் ஐந்து வீடு பங்கு போடலாம். அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள், விசர்நோய்த் தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். பிடிக்கும்போது வெறுங்கை வேண்டாம். மீன் வைத்த கூட்டுக்குள் தானாக ஏறவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.