ஊர்நத்தமும் இறையிலியும்

குடியிருக்கும் மனைக்கு வரிவிலக்கு அளிப்பது இக்காலத்துக் கொள்கை என்று மாணவர்கள் எண்ணக்கூடும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் கற்போர்க்கு அவ்வெண்ணம் மாறிவிடும்.

முதலாம் இராசராசன் (985–1014) அக்கோயிலுக்குப் பல ஊர்களின் வருவாயை அளித்தான். அவ்வூர்களைப் பற்றிக் கூறுமிடத்து, முதலில் அளந்து கண்ட மொத்த நிலம் சொல்லப்படுகிறது. பின்னர் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியவை, ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டு, இறையிலி நிலமாகக் கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நிலத்துக்கே வரி விதிக்கப்பட்டது. அவ்வரி நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர்.

இவ்விலக்குக்கு உரியவர் யாவர்? இங்கே ஒருவருடைய செல்வமோ பதவியோ அளவுகோல் அன்று. நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதே அளவுகோல். வாழவும் வழிபடவும் நீர் தேக்கவும் இறந்தோரை எரிக்கவும் வேண்டிய நிலம் கணக்கினின்று நீங்கியது. இதனால் சோழநாட்டில் வீட்டுவரியே இல்லை என்று முடிவுகட்டுதல் தவறு. 'மனையிறை' என்னும் வரியும் அக்காலக் கல்வெட்டுகளில் வருகின்றது.

அப்பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். கம்மாளரின் குடியிருப்பும் பறையரின் குடியிருப்பும் வரிவிலக்குப் பெற்றன. ஆயினும் அவை ஊர்நத்தத்தில் அடங்கவில்லை. தனித்தனிச் சேரிகளாகவே எண்ணப்பட்டன. வரியில் கிடைத்த இடம் ஊருக்குள் கிடைக்கவில்லை.

ஆதலின், மாணவர்களே, பழைய வரிக்கணக்கைப் படிக்கும்போது விலக்குப் பெற்றவர் யார் என்று மட்டும் கேளாதீர்கள். அவர் எங்கே குடியிருந்தார் என்றும் கேளுங்கள். இரண்டாவது வினாவுக்கும் அதே கல் விடை தருகிறது.