கடந்தகால வாய்ப்பைச் சொல்லும் தமிழ்: ‘கொல்’ முதல் ‘இருக்கலாம்’ வரை

நடந்ததா என்று உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லவும், நடந்திருக்கக் கூடியதாக இருந்தும் நடக்காமல் போன ஒன்றைச் சொல்லவும் இன்றைய தமிழில் ‘வந்திருக்கலாம்’, ‘வந்திருக்க வேண்டும்’, ‘வந்திருப்பார்’ போன்ற வடிவங்கள் பயன்படுகின்றன. இவற்றில் ‘வந்து’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்து செயல் முடிந்த நிலையைக் காட்டுகிறது. அதன்பின் வரும் லாம், வேண்டும், கூடும், முடியாது ஆகியவை பேசுபவரின் துணிவு எவ்வளவு என்பதைக் காட்டுகின்றன.

இவ்வடிவங்களில் பல இரு பொருள் தருபவை. பழந்தமிழில் ஐயத்துக்கு ஒரு சொல்லும் இழப்புக்கு வேறொரு சொல்லும் இருந்தன. அச்சொற்கள் வழக்கிழந்தபின் ஒரே வடிவம் இரண்டையும் சுமக்கிறது. இதனால் ஏற்படும் மயக்கம் இலக்கணத்தோடு நிற்பதில்லை. விபத்து விசாரணை, ஊர் வரலாறு ஆகியவற்றிலும் அது பொருளை மாற்றிவிடுகிறது.

பழந்தமிழில்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் இடையியல் மூன்று இடைச்சொற்களைக் கூறுகிறது. ‘கொல்’ என்பது ஐயத்தைக் குறிக்கும். ‘தில்’ என்பது விழைவு, காலம், ஒழியிசை ஆகிய பொருள்களில் வரும். ‘மன்’ என்பது கழிவு, ஆக்கம், ஒழியிசை ஆகிய பொருள்களில் வரும். கழிவு என்பது முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது. ஒழியிசை என்பது சொல்லாமல் விட்ட பொருளைக் கேட்பவர் உணரும்படி நிறுத்துவது. ‘நல்ல வாள்தான்’ என்று சொல்லி நிறுத்தினால், ‘ஆனாலும் ஒரு குறை உண்டு’ என்பது தானே விளங்கும்.

‘கொல்’ வரும் இடத்துக்குத் திருக்குறளில் தகையணங்குறுத்தல் அதிகாரத்தின் முதற்குறள் நல்ல சான்று. எதிரில் நிற்பவள் யார் என்று துணிய முடியாத தலைவனின் ஐயம் அக்குறளில் மூன்று முறை ‘கொல்’ என்னும் சொல்லால் வெளிப்படுகிறது. ‘மன்’ வரும் இடத்துக்குப் புறநானூற்றின் 235ஆம் பாட்டைக் காட்டலாம். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது அது. அவன் கொடுத்தவற்றையும் பகிர்ந்தவற்றையும் சொல்லும் அடிகளில் ‘மன்’ திரும்பத் திரும்ப வந்து, அவை இனி இல்லை என்பதை உணர்த்துகிறது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் ‘மன்’ என்பதற்கு அசைநிலை, ஒழியிசை, ஆக்கம், கழிவு, மிகுதி, நிலைபேறு என்று ஆறு பொருள் கூறுகிறது. இன்றைய பேச்சிலோ உரைநடையிலோ ‘கொல்’, ‘தில்’, ‘மன்’ மூன்றும் இல்லை. இடைக்கால உரையாசிரியர்கள் தம் ஊகத்தைக் காட்டப் பயன்படுத்திய ‘போலும்’ மட்டும் ‘போல’, ‘போலிருக்கிறது’ என்று நம்மிடம் தங்கியிருக்கிறது.

துணைவினை வடிவங்கள்

இன்று நாம் பயன்படுத்தும் வடிவங்கள் வினைச்சொற்களிலிருந்து வந்தவை. ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்யல் + ஆம்’ என்று பிரிக்கலாம். ஆம் என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். வேண்டும், கூடும், முடியும் ஆகியவையும் முன்னரே தனி வினைகளாக நின்றவை. இவற்றின் முன் ‘இரு’ சேரும்போது பேச்சு கடந்தகாலத்துக்குப் போகிறது. ‘இருந்திருக்கலாம்’ என்னும் சொல்லில் ‘இரு’ இரண்டு முறை வருகிறது. முதலாவது முதல்வினை, இரண்டாவது துணைவினை.

இந்த வடிவங்களின் இரு பொருள்கள் வருமாறு:

‘வந்திருக்கலாம்’: ஒருவேளை வந்தார்; அல்லது, வர வழி இருந்தும் வரவில்லை.

‘வந்திருக்க வேண்டும்’: வந்தார் என்றே சான்றுகள் காட்டுகின்றன, அல்லது, வருவது அவர் கடமை, வரவில்லை.

‘வந்திருப்பார்’: இந்நேரம் வந்து சேர்ந்திருக்கக்கூடும், அல்லது, அழைத்திருந்தால் வந்திருப்பார், அழைக்காததால் வரவில்லை.

‘வந்திருக்கக்கூடும்’ என்பது மட்டும் பெரும்பாலும் ஊகத்தோடு நின்றுவிடுகிறது.

ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ‘மே ஹேவ் கம்’ என்பது ஊகம். ‘குட் ஹேவ் கம்’ என்பது பெரும்பாலும் நழுவிய வாய்ப்பைச் சொல்லும், சில இடங்களில் ஊகத்துக்கும் வரும். ‘மஸ்ட் ஹேவ் கம்’ என்பது துணிபு. ‘ஷுட் ஹேவ் கம்’ என்பது பெரும்பாலும் தவறிய கடமை. மாணவர் முதலிரண்டையும் ‘வந்திருக்கலாம்’ என்றும், பின்னிரண்டையும் ‘வந்திருக்க வேண்டும்’ என்றும் எழுதுவர். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. நான்கு வடிவங்களுக்குத் தமிழில் இரண்டே வடிவங்கள் ஈடாக நிற்பதுதான் காரணம்.

பட்டாசு வட்டாரத்தில்

பேச்சில் குரலும், ‘வந்திருக்கலாமே’ என்பதில் வரும் ஏகாரமும் பொருளைப் பிரித்துக் காட்டும். எழுத்தில் அந்த உதவி இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தினர் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கும் தொடர் ஒன்று உண்டு: ‘உராய்வு காரணமாக விபத்து ஏற்பட்டிருக்கலாம்.’ இது ஊகம். அதே செய்தியின் கீழே ‘விபத்தைத் தவிர்த்திருக்கலாம்’ என்று வந்தால் அது ஊகம் அன்று; தவிர்க்க வழி இருந்தும் தவிர்க்கவில்லை என்னும் குற்றச்சாட்டு. இரண்டுக்கும் ஈறு ஒன்றே.

‘அறையின் கதவைத் திறந்து வைத்திருக்கலாம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ஊகமாகப் படித்தால் கதவு ஒருவேளை திறந்திருந்தது. நழுவிய வாய்ப்பாகப் படித்தால் கதவு மூடியிருந்தது. ஒரே தொடர் ஒன்றுக்கொன்று எதிரான இரு செய்திகளைத் தருகிறது. ஒரு சாட்சி இவ்வாறு சொல்லி, எழுதுபவர் விளக்கம் கேட்காமல் பதிந்தால், பின்னர் படிப்பவருக்கு உண்மை எது என்று தெரியாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு விதிகள் உள்ள தொழில் இது. எனவே இத்தகைய நிகழ்வுகளைப் பதியும்போது, எப்படி நேர்ந்திருக்கும் என்ற கேள்வியையும், எதைச் செய்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்ற கேள்வியையும் தனித்தனியே எழுத வேண்டும். முதலாவதற்குத் தடயம் தேவை. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்ற விடை தேவை.

வரலாற்று எழுத்தில்

அரசு சிமெண்ட் ஆலை அமைந்த ஆலங்குளம் (தென்காசி மாவட்ட ஆலங்குளம் வேறு) வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ளது. வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டைத் தொல்லியல் மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருள்கள் உள்ளிட்ட பலவும் கிடைத்தன.

இவற்றைக் கொண்டு சங்கைப் பற்றி மட்டும் மூன்று தொடர்கள் எழுதலாம். சங்கு கடலில் விளைவது. ஆகவே அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆகவே மன்னார்க் கரையிலிருந்து ஆற்றோரப் பாதையில் வந்திருக்கலாம். கடல் தொலைவில் உள்ளதால் இங்கேயே விளைந்திருக்க முடியாது. முதல் தொடரும் மூன்றாம் தொடரும் துணிபு, இரண்டாம் தொடர் ஊகம். ஊர் மலர்களிலும் விழா மேடைகளிலும் இந்த இரண்டாம் தொடரின் ‘லாம்’ உதிர்ந்து ‘வந்தது’ என்று ஆகிவிடுவதுண்டு. அடுத்து எழுதுபவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார். பல ஊர்களின் பெயர்க்காரணக் கதைகள் உறுதியான வரலாறு போல நிலைபெற்ற வழியும் இதுவே.

பயன்பாட்டு நெறி

மயக்கம் தவிர்க்கச் சில வழிகள் பயன்படும். ஊகத்துக்கு ‘ஒருவேளை’ என்னும் சொல்லையோ ‘கூடும்’ என்னும் வடிவத்தையோ சேர்க்கலாம். நழுவிய வாய்ப்பானால் ‘ஆனால் வரவில்லை’ என்று நடந்ததையும் உடன் எழுத வேண்டும். துணிபானால் எந்தச் சான்றால் துணிந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பிறர் எழுதியதை எடுத்தாளும்போது அவர் வைத்த துணைவினையை அப்படியே வைத்திருக்க வேண்டும். ‘கொல்’லும் ‘மன்’னும் பிரித்துக் காட்டிய பொருளை இன்று எழுதுபவரே பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.