முடிவு எழுதப்படாத கோப்பை

ஐஸ் ஹாக்கிக்குரிய ஸ்டான்லி கோப்பையில் வென்ற அணியின் பெயரைப் பொறிப்பது மரபு. 1919ஆம் ஆண்டுக்குரிய இடத்திலோ இரண்டு அணிகளின் பெயர்கள் உள்ளன: மாண்ட்ரியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ். அவற்றின் கீழே, தொடர் முடிவடையவில்லை என்றொரு குறிப்பு. அதுவும் உடனே எழுதப்பட்டதன்று. 1948இல் கோப்பை மாற்றியமைக்கப்பட்டபோதுதான் சேர்க்கப்பட்டது.

1918 அக்டோபரில் இன்ஃப்ளூயன்சா பரவியபோது சியாட்டில் நகர நிர்வாகம் திரையரங்குகளையும் தேவாலயங்களையும் பள்ளிகளையும் மூடியது. முகக்கவசம் அணியாதோரை டிராம் வண்டிகளில் ஏற்ற மறுத்தது. நவம்பரில் போர்நிறுத்தத்தையொட்டித் தடைகள் விலக்கப்பட்டன. நோய் விலகவில்லை. மறு ஆண்டு மார்ச்சில், கண்டத்தைக் கடந்து ரயிலில் வந்த மாண்ட்ரியல் அணி அந்நகரில் ஆடத் தொடங்கியது.

கிழக்கில் அணிக்கு ஆறு பேர், மேற்கில் ஏழு பேர். எனவே ஓர் ஆட்டம் மேற்கின் விதிப்படி, அடுத்தது கிழக்கின் விதிப்படி என்று ஒப்பந்தம். ஆட்களின் எண்ணிக்கையை இத்தனை நுட்பமாகப் பேசி முடித்தவர்கள், அந்த ஆட்கள் நோயுற்றால் என்ன செய்வது என்பதை அவரவர் உடல்வலுவுக்கே விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மாற்று ஆட்டக்காரர்கள் மிகக் குறைவாயிருந்த காலம் அது. களமிறங்கியவர் ஏறத்தாழ முழு நேரமும் பனியின்மேல் நின்றாகவேண்டும்.

முதல் ஆட்டம் சியாட்டிலுக்கு, 7-0. அடுத்தது மாண்ட்ரியலுக்கு, 4-2. மூன்றாவது மீண்டும் சியாட்டிலுக்கு, 7-2. நான்காவது, கூடுதல் நேரம் ஆடியும் கோல் விழாமல் சமனில் முடிந்தது. ஐந்தாவதில் மூன்று கோல் பின்தங்கிய மாண்ட்ரியல், கூடுதல் நேரத்தில் 4-3 என வென்றது. இரு தரப்பும் சமநிலை. ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு ஆட்டம்.

அன்று ஆடுவதற்கு மாண்ட்ரியலில் ஆளில்லை. ஜோ ஹால், ஜாக் மெக்டொனால்ட், நியூசி லாலோண்ட் உள்ளிட்டோரும் மேலாளர் ஜார்ஜ் கென்னடியும் காய்ச்சலில் கிடந்தனர். விக்டோரியா அணியிடம் ஆட்களை இரவல் வாங்கி ஆடவும் கென்னடி அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. படுக்கையில் விழுந்த பின்னும் ஆட்டம் நடந்தாகவேண்டும் என்ற அந்த அவசரத்தை அவருடைய தனிக்குணமாக நான் கருதவில்லை. தொழில்முறை விளையாட்டின் இயல்பே அதுதான். ஆட்டம் நடக்குமுன்பே கைவிடப்பட்டது. கோப்பையைச் சியாட்டிலுக்கே விட்டுக்கொடுக்க முன்வந்தபோது, அவ்வணியின் மேலாளர் பீட் மல்டூன் ஏற்க மறுத்தார். நோயால் வீழ்ந்தவர்களை வென்றதாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு மனமில்லை. எந்த விதிப்புத்தகமும் அவரிடம் கோராத செயல் இது.

ஹால் இங்கிலாந்தில் பிறந்து, கனடாவின் மானிட்டோபாவில் வளர்ந்தவர். களத்தில் காட்டிய முரட்டுத்தனத்துக்காகக் ‘கெட்ட ஜோ’ என்று பெயரெடுத்தவர். ஏப்ரல் 5 அன்று, தம் 37ஆம் வயதில், நிமோனியாவால் சியாட்டிலில் இறந்தார். கென்னடி எழுந்து நடமாடினாலும் முழுமையாகத் தேறவில்லை, 1921இல் மறைந்தார்.

2020இல் கொரோனா வந்தபோது தேசிய ஹாக்கி லீக் மார்ச்சிலேயே ஆட்டங்களை நிறுத்தியது. ஆகஸ்டில் டொரோண்டோ, எட்மண்டன் ஆகிய இரு நகரங்களில் அணிகளை வெளியுலகத் தொடர்பின்றி விடுதிகளில் தங்கவைத்து, அன்றாடம் பரிசோதித்து, பார்வையாளரே இல்லாத அரங்குகளில் ஆடவைத்தது. நடந்த 33,174 பரிசோதனைகளில் ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை என லீக் அறிவித்தது. செப்டம்பர் இறுதியில் டாம்பா பே அணி கோப்பையை வென்றது.

அந்த வளையத்துக்குள் இருந்தவர்கள் வாரக்கணக்கில் பிள்ளைகளைத் திரையில் மட்டுமே பார்த்தனர். ஆகஸ்ட் நடுவில் பாஸ்டன் அணியின் கோல்காவலர் டூக்கா ராஸ்க் குடும்பத்தில் நேர்ந்த அவசரத்துக்காக வெளியேறினார். தொடரின் நடுவில் அணியைக் கைவிட்டார் என்று அவரை ஏசியவர்களும் உண்டு. அவருடைய அணியினர் ஏசவில்லை.